காதிலே ஒரு வேப்பிலை

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று நம் பேரவைச் செயலாளர் ஹாஸ்டல் வராந்தாவில் மடக்கிக் கேட்டபோது, "எனக்குக் கவிதை வராதுப்பா" என்று நழுவப் பார்த்தேன். "கவிதை ஏற்கெனவே 47 வந்திருக்கு. அதில் 30 அம்மாவைப் பத்தி, பாக்கி நிலாவைப் பத்தி. நீ வேறே ஏதாவது எழுது" என்றான். நண்பர்களே, நானும் அம்மாவைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஆனால் கவிதை இல்லை. ஒரு ஜோடித் தோட்டின் கதை. நடுவில் கொஞ்சம் ஃபவுண்டரி பாடம் வரும். மெக்கானிக்கல்காரர்கள் கொட்டாவி விடாமலும், மற்ற பிரிவுத் தோழர் தோழியர் பக்கத்தைப் புரட்டாமலும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் ஊர் கும்பகோணம். அப்பா பத்தர். தாத்தாவும் பத்தர். எங்கள் வீட்டு முன்னறைதான் பட்டறை. ஒரு கரியடுப்பு, அடைகல், ஊதுகுழல், குறடு, அரம், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தராசு. அவ்வளவுதான் எங்கள் தொழிற்சாலை. தராசுக்குப் பக்கத்தில் ஒரு தகர டப்பாவில் குன்றிமணி இருக்கும். தாத்தா காலத்து எடைக்கல் அது. ரெண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி என்பது கணக்கு. சின்ன வயதில் நான் விளையாட அதை அள்ளினால் முதுகில் ஒன்று விழும். எடை குறையுமே என்பதற்காக இல்லை. கடித்து விழுங்கினால் விஷம்!

பத்தர் வீடு என்றால் தங்கம் கொட்டிக் கிடக்கும் என்று என் அறை நண்பன் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தான். கிடந்தது உண்மைதான். எல்லாம் அடுத்தவர் தங்கம். சாயங்காலம் எடை போட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டியது. எங்களுடையது என்று இருந்தது அம்மா காதில் இருந்த தோடு மட்டும்தான். அரைப் பவுன், அதாவது 4 கிராம். கல்யாணமான புதிதில் அப்பா தன் கையாலேயே செய்து போட்டது. கொல்லைப்புறத்து நந்தியாவட்டைப் பூவைப் பார்த்துச் செய்தாராம். அஞ்சு இதழும் காற்றாடி மாதிரி ஒரே பக்கமாகத் திரும்பியிருக்கும்.

நான் முதலாம் ஆண்டு சேர்ந்தபோது ஃபீஸ், ஹாஸ்டல் டெபாசிட், டிராஃப்டர், ரெண்டு செட் யூனிஃபார்ம், ஷூ என்று ஒரு நீளமான பட்டியல் வந்தது. உங்களுக்கும் வந்திருக்கும். அம்மா பேசாமல் தோட்டைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்தாள். "ஒரு வருஷத்துல மீட்டுடலாம்" என்றார் அப்பா. அடகுக் கடையில் உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்தார்கள். தராசில் போட்டார்கள். சீட்டு எழுதினார்கள். நானும் கூடப் போயிருந்தேன். அந்த நந்தியாவட்டையை ஒருத்தரும் ஒரு நிமிஷம் பார்க்கவில்லை. வட்டி மேல் வட்டி ஏறி, ஒன்றரை வருஷத்தில் தோடு முழுகிப் போச்சு. இப்போது அது எங்கோ உருகி வேறு யார் கையிலாவது வளையலாக இருக்கலாம்.

காது தூர்ந்து போகக்கூடாதே என்று அம்மா வேப்ப ஈர்க்கை ஒடித்துச் செருகிக்கொண்டாள். "பத்தர் பொண்டாட்டி காதுல வேப்பங்குச்சியா!" என்று குழாயடியில் ஒருத்தி கேட்டாளாம். அம்மா சிரித்துக்கொண்டே, "குச்சி வச்சா புண்ணு வராதுல்ல" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். இதை அம்மா சொல்லவில்லை. தங்கச்சி சொன்னாள். அன்றைக்கு ஹாஸ்டலில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மெஸ் சாம்பார்தான் காரணம் என்று நண்பர்களிடம் சொல்லிச் சமாளித்தேன். எல்லோரும் நம்பினார்கள்!

'பத்தருக்கு அரைப் பவுன் மீட்க வழியில்லையா?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாடு வந்தது. 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக்கூடாது என்று விதி. நாடு முழுக்கப் பத்தர் குடும்பங்கள் அடுப்பை அணைத்தன. என் தாத்தா அரிசி மண்டியில் கோணி தைக்கப் போனார். 1968-ல் அதற்கென்றே தனிச் சட்டம் போட்டார்கள். 1990-ல்தான் அது நீங்கியது. அப்போது அப்பாவுக்கு 20 வயது. ஆசையாய்த் தொழிலில் இறங்கினார். பத்து வருஷம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு அச்சில் அடித்த நகை, மெஷினில் வார்த்த நகை என்று பெரிய கடைகள் வந்தன. 2021 ஜூனிலிருந்து ஹால்மார்க் கட்டாயம் என்று ஆனது. வாங்குகிறவர் ஏமாறக்கூடாது என்பதற்காக வந்தது, நல்லதுதான். ஆனால் அதற்கப்புறம் "முத்திரை இருக்கா?" என்று கேட்டுக்கொண்டு, தெருப் பத்தரிடம் வந்தவர்களும் கடைக்குப் போய்விட்டார்கள். அப்பாவுக்கு மிஞ்சியது அறுந்த கொலுசைப் பற்றவைப்பதும், குழந்தைக்குக் காது குத்துவதும்தான்.

சரி, இனி ஃபவுண்டரிக்கு வருவோம்.

மணலில் பேட்டர்னை வைத்து இடித்து, அதை எடுத்துவிட்டு, உலோகம் இறங்க ஒரு வழி, காற்று வெளியேற ஒரு வழி, சுருங்கும்போது ஈடுகட்ட ஒரு ரைசர் என்று நாம் படித்தோமே, அதை லேபில் செய்துகொண்டிருந்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. இதே வேலையைச் சின்ன அளவில் அப்பா செய்து பார்த்திருக்கிறேன். மணலுக்குப் பதில் கணவாய் ஓடு! நாகப்பட்டினத்து நண்பர்களுக்கு இது தெரியும். கணவாய் மீனின் முதுகுக்குள் இருக்கிற வெள்ளை ஓடு, கரையில் ஒதுங்கிக் கிடக்கும். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்பார்கள். ஒரு பக்கம் கெட்டி, மறுபக்கம் நகத்தால் கீறினாலே மாவாக உதிரும். கிட்டத்தட்ட முழுக்கக் கால்சியம் கார்பனேட். உருகிய வெள்ளியை ஊற்றினால் மேல்தோல் கருகுமே தவிர, ஒரு வார்ப்புக்குத் தாங்கும். உள்ளே ஏடு ஏடாக இருப்பதால் வார்ப்பின் மேல் மெல்லிய வரிகள் தானாக விழும். எந்த மெஷினாலும் அதே வரியைத் திருப்பிப் போட முடியாது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு புத்தகத்தில் பிரெஞ்சு நகைக் கலைஞர் ரெனே லாலிக் (1860–1945) செய்த தும்பியின் படத்தைப் பார்த்தேன். 1897–98 வாக்கில் செய்தது. ஒரு தும்பியின் வாயிலிருந்து ஒரு பெண்ணின் உடல் வெளியே வருகிற மாதிரி ஒரு பதக்கம். அகலம் 26 செ.மீ.க்கு மேல். சிறகுகள் கீல் வைத்து அசையும். இன்றைக்கு அது லிஸ்பனில் குல்பென்கியன் மியூசியத்தில் இருக்கிறது. அந்தக் காலத்து நகைக்காரர்கள் எவ்வளவு பெரிய வைரம் என்று பார்த்தபோது, இவர் மாட்டுக் கொம்பையும் கண்ணாடியையும் எனாமலையும் தங்கத்தோடு சேர்த்தார். பூச்சியும் பூவும் இலையும் கேட்கிற பொருளை எடுத்துக்கொண்டார். நம் ஆட்களுக்குப் பிடிக்கிற இன்னொரு செய்தி: பெரிதாகச் செய்த மாதிரியைத் தொட்டுத் தொட்டுச் சிறிதாக்கிச் செதுக்குகிற ஒருவகை லேத்தையும் அவர் பயன்படுத்தியிருக்கிறார்.

இயற்கையைப் பார்த்து நகை செய்வது நமக்குப் புதுசா என்ன? மாங்காய் மாலை, மல்லிகை அரும்பு மாலை, ஜடைநாகம், அன்னப்பட்சி பதக்கம்! தாலிக்கொடி, அரைஞாண் கொடி என்று பேரிலேயே கொடி ஓடுகிறது. காதில் போட்ட முதல் தோடே பனையோலைச் சுருள்தான், காதோலை. ஆனால் ஒன்று. மாங்காயை முதலில் செய்த பத்தர் மாங்காயைப் பார்த்துச் செய்தார். அப்புறம் வந்தவர்கள் மாங்காய் மாலையைப் பார்த்து மாங்காய் மாலை செய்தார்கள். இப்போது அச்சைப் பார்த்து அச்சு.

அம்மாவுக்கு நான் ஒரு தோடு செய்வது என்று தீர்மானித்தேன். தங்கத்துக்கு வழியில்லை. என் குழந்தைப் பருவத்து வெள்ளி அரைஞாண் டிரங்குப் பெட்டியில் கிடந்தது. அதுதான் மூலப்பொருள். வடிவம் வேப்பிலை. காதில்தான் ஈர்க்கு ஏற்கெனவே இருக்கிறதே!

செமஸ்டர் லீவில் நாகை நண்பன் கொடுத்த பத்து கணவாய் ஓட்டோடு வீட்டுக்குப் போனேன். அப்பா ஏற இறங்கப் பார்த்தார். "டிப்ளமா படிக்கப் போனியா, மீன் பிடிக்கப் போனியா?" என்றார்.

முதல் தடவை: நிஜ வேப்பிலையை ஓட்டில் வைத்து அமுக்கினேன். இலை கசங்கியது, ஓட்டில் ஒரு கீறல் விழுந்தது, அவ்வளவுதான். பிறகு ஊசியால் குடைந்தேன். மேலே புனல் வாய் வெட்டி, ரெண்டு ஓட்டையும் கம்பியால் கட்டி, மூசையில் வெண்காரம் தூவி வெள்ளியை உருக்கினேன். சுத்த வெள்ளி உருக 962 டிகிரி வேண்டும். பழைய அரைஞாணில் செம்பு கலந்திருக்கும், அதனால் கொஞ்சம் முன்னாலேயே உருகும். பாடம் எல்லாம் ஞாபகம் இருந்தது. காற்றுப் போக வழி வெட்ட வேண்டும் என்பது மட்டும் மறந்துவிட்டது! ஊற்றியதும் மயிர் கருகுகிற மாதிரி ஒரு நாற்றம். பிரித்துப் பார்த்தால் எலி கடித்த தோசை மாதிரி பாதி இலை. ஃபவுண்டரி லேபில் நான் வாங்கிய மார்க்கை இங்கே சொல்லப் போவதில்லை.

இரண்டாம் தடவை காற்றுக்குழி வெட்டினேன். முழு இலை விழுந்தது. குதித்துக்கொண்டு போய் அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார்.

"டேய், இது வேப்பிலை இல்லடா. ரம்பத் துண்டு."

உண்மைதான். 30 மி.மீ. நீளம், பல்லுக்குப் பல் 2 மி.மீ. இடைவெளி, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி என்று கணக்குப் போட்டு வெட்டியிருந்தேன். கியர் வரைந்து பழகிய கை!

"மரத்தைப் பாத்தியா?"

"என்னப்பா, பொறந்ததுலேருந்து பாக்கறேன்."

"பாத்திருந்தா இப்படிச் செய்ய மாட்டே."

ரோஷமாக இருந்தது. வெர்னியரை எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரை மாரியம்மன் கோயில் வேப்பமரத்தடிக்குப் போனேன். பூசாரி என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. 20 இலைகளை அளந்தேன். ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. 0.02 மி.மீ. வரை காட்டுகிற கருவி கையில் இருந்தும், எது 'சரியான' அளவு என்று சொல்ல முடியவில்லை. வொர்க்‌ஷாப்பில் ஒரு போல்ட்டுக்கு இன்னொரு போல்ட்டை மாற்றிப் போட முடிய வேண்டும் என்பது பாடம். மரம் அந்தப் பாடத்தைப் படிக்கவே இல்லை.

அளப்பதை விட்டுவிட்டுச் சும்மா பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது. வேப்பிலையின் ரெண்டு பக்கமும் சமமில்லை. நடு நரம்புக்கு ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் ஒடுக்கம். காம்பிலேயே ஒரு பக்கம் மேலேயும் ஒரு பக்கம் கீழேயும் தொடங்குகிறது. இலை முழுசும் அரிவாள் மாதிரி லேசாக வளைகிறது. அதைவிட அதிசயம், ஈர்க்கின் இடது பக்க இலை ஒரு திக்கில் வளைந்தால் வலது பக்க இலை மறு திக்கில் வளைகிறது. கண்ணாடியில் பார்த்த மாதிரி. நான் ஒரே இலையை ரெண்டு தடவை செய்து ரெண்டு காதுக்கும் மாட்ட இருந்தேன். மரமோ இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று என்று ஜோடி போட்டே வைத்திருக்கிறது! 19 வருஷமாக அதன் நிழலில் விளையாடியிருக்கிறேன். ஒருநாளும் கண்ணில் படவில்லை.

மூன்றாம் தடவை நாலு ஓடு வீணானது. ஐந்தாவதிலும் ஆறாவதிலும் இலைகள் விழுந்தன. ஒன்று இடது, ஒன்று வலது. கணவாய் ஓட்டின் வரிகள் இலை நரம்பு மாதிரியே ஓடியிருந்தன. அப்பா கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ம்" என்றார். எங்கள் வீட்டில் அது டிஸ்டிங்ஷனுக்குச் சமம்.

பின்னால் தண்டு பற்றவைக்க நான் ஊதுகுழலை எடுத்தேன். மூக்கால் மூச்சு வாங்கிக்கொண்டே வாயால் விடாமல் ஊத வேண்டும். எனக்குத் தலை சுற்றியது. அப்பா சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். பொடி வைத்து, வெண்காரம் தடவி, ஒரே மூச்சில் ஊதினார். பொடி பளிச்சென்று ஓடியது. திருகாணிக்கு மரை போட்டார். பிட்ச் கேஜ் எல்லாம் கிடையாது. இந்தத் திருகாணி இந்தத் தோட்டுக்கு மட்டும்தான் ஏறும், மற்றதில் ஏறாது. அரம் போட்டு, புளித் தண்ணீரில் ஊறவைத்து, பூந்திக்கொட்டை நுரையில் பிரஷ் போட்டுத் தேய்த்தார். பல மாதத்துக்குப் பிறகு அந்தப் பட்டறையில் பழுது பார்க்காமல் புதிதாய் ஒரு நகை முடிந்தது. தராசில் வைத்தார். ரெண்டும் சேர்ந்து 5 கிராம் 200 மில்லி.

அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள். "அப்படியே இலை மாதிரி இருக்குடா" என்றாள். கண் கலங்கியது. எனக்கும்தான். அப்புறம் சொன்னாள்: "ஆனா காதுல வெள்ளி போட்டா ஊர்ல என்ன சொல்லுவாங்க தம்பி? கால்ல போடறதைக் காதுல போட்டுக்கிட்டான்னு சிரிக்க மாட்டாங்களா?"

எனக்கு வந்தது கோபம். லாலிக்கைப் பற்றி, கொம்பில் செய்த நகையைப் பற்றி, மதிப்பு உலோகத்தில் இல்லை கைவேலையில்தான் இருக்கிறது என்பதைப் பற்றி, வைவாவில் கூட வராத வேகத்தில் பேசித் தீர்த்தேன். அம்மா முழுக்கக் கேட்டாள்.

"எல்லாம் சரிடா. ஆத்திர அவசரத்துக்கு இதை எந்தக் கடையில வாங்குவான்? தங்கம்ங்கறது காதுல மாட்டிக்கிற பேங்க்கு. உன் ஃபீஸை எது கட்டிச்சு? இந்த இலை கட்டியிருக்குமா?"

நண்பர்களே, எனக்குப் பதில் வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை. லாலிக்கின் தும்பியை வாங்கியவர் எண்ணெய்த் தொழிலில் பெரும் பணம் சேர்த்த குல்பென்கியன். அவர் வீட்டில் யார் ஃபீஸுக்கும் அந்தத் தும்பி அடகுக் கடைக்குப் போயிருக்க வேண்டியதில்லை. நகையை வெறும் அழகாக மட்டும் பார்க்க ஒரு வசதி வேண்டியிருக்கிறது. அம்மா சொல்வது சரி. ஆனால் அடகுக் கடையில் அந்த நந்தியாவட்டையை யாரும் பார்க்காததும் என் கண்ணிலேயே நிற்கிறது. எடை மட்டும்தான் நகை என்றால் அப்பா பூவைப் பார்த்த பார்வைக்கு என்ன கணக்கு? சேதாரம், செய்கூலி என்று பில்லில் ரெண்டு வரி இருக்கும். பார்த்ததற்கு என்று ஒரு வரியை நான் எந்தப் பில்லிலும் பார்த்ததில்லை. அப்பாவிடம் இதைச் சொன்னேன். "கூலியில பேரம் பேசாம இருந்தாலே போதும்டா" என்று சொல்லிவிட்டு ஒரு கொலுசை எடுத்துக்கொண்டார்.

பொங்கல் லீவுக்குப் போனபோது ஒரு விஷயம் கவனித்தேன். விடியற்காலையில் தண்ணீர் குடிக்க எழுந்தேன். அம்மா அடுப்படியில் இருந்தாள். காதில் வெள்ளி வேப்பிலை! இடது காதில் இடது இலை, வலது காதில் வலது இலை, சரியாகப் போட்டிருந்தாள். நான் பார்த்ததை அவள் பார்க்கவில்லை. வாசலில் பால்காரர் மணி அடித்ததும் திருகாணியைக் கழற்றி அஞ்சறைப் பெட்டியில் வைத்தாள். ஈர்க்கைச் செருகிக்கொண்டு பால் வாங்கப் போனாள். வீட்டுக்குள் இலை, வாசலுக்கு ஈர்க்கு. தங்கச்சியிடம் கேட்டேன். "தினமும் அப்படித்தான்" என்றாள்.

ஊருக்குக் கிளம்பும்போது அம்மா பையைக் கொடுத்துக்கொண்டே சொன்னாள்: "வேலைக்குப் போனதும் இதையே தங்கத்துல ஊத்திக் குடு. அப்ப வாசலுக்கும் போட்டுக்கறேன்."

"சரிம்மா" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். பாதி வழியில்தான் உறைத்தது. கணவாய் ஓட்டு அச்சு ஒரு வார்ப்போடு சரி, கருகி உதிர்ந்துவிடும். அதே இலை திரும்ப வராது. மறுபடி மரத்தடிக்குப் போக வேண்டும், மறுபடி பார்க்க வேண்டும், மறுபடி குடைய வேண்டும். கேம்பஸில் ஒரு நல்ல வேலை கிடைக்க வேண்டும் என்பது தனிக் கவலை.

ஆகவே நாகை, கடலூர்ப் பக்கத்து நண்பர்களே! லீவில் ஊருக்குப் போகும்போது கடற்கரையில் நல்ல பெரிய கணவாய் ஓடு கிடந்தால் எனக்காக எடுத்து வையுங்கள். உடையாமல் கொண்டுவந்தால் கேண்டீனில் ஒரு டீ, ஒரு வடை நிச்சயம். அரைப் பவுனுக்கான தங்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்